சாகானோ மூங்கிற்காட்டில் பாஷோ

கியோட்டோ நகரின் மேற்கு ஓரத்தில், அராஷியாமா மலையை எதிர்நோக்கிக் கிடக்கும் நிலப்பகுதி சாகானோ. அங்குள்ள தென்ரியூஜி கோயிலின் வடக்கு வாயிலைக் கடந்தால், இருபுறமும் மூங்கில்கள் வானளாவ நிற்கும் பாதையொன்று தொடங்குகிறது. பகற்பொழுதில் பயணிகளின் கூட்டம் நெருக்கும் அப்பாதைக்குத் தனிமையை நாடுவோர் பொழுது புலருமுன்பே சென்றுவிடுகின்றனர். தண்டோடு தண்டு உரசும் ஒலியும், இலைகளினூடே கசியும் மங்கிய ஒளியுமே அந்த வைகறையில் அவர்களுக்குத் துணை. பாதையைக் கடந்து வடக்கே சிறிது தொலைவு நடந்தால் ஓலைக்கூரை வேய்ந்த குடில் ஒன்று தென்படும். அதன் பெயர் ராகுஷிஷா. இன்று காண்பது பின்னாளில் எடுத்துக் கட்டப்பட்டது. முதற்குடிலில்தான் 1691ஆம் ஆண்டு மட்சுவோ பாஷோ வந்து தங்கினார்.

1916இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய காலந்தொட்டுத் தமிழ்க் கவிஞர் பலர் பாஷோவை நாடோடியாகவும் துறவியாகவுமே கண்டுவந்துள்ளனர். அச்சித்திரம் பொய்யன்று; ஆனால் முழுமையானதும் அன்று.

1644இல் இகா மாநிலத்தின் உவேனோவில் பிறந்த பாஷோ, இளமையில் யோஷிதாதா என்னும் இளம் பிரபுவிடம் பணிபுரிந்தார். அப்பிரபுவும் கவிதைப் பித்தர். தலைவனும் பணியாளனும் ஒருங்கிருந்து செய்யுள் தொடுத்த அந்த உறவு, 1666இல் பிரபுவின் இளவயது மரணத்தால் அறுந்தது. 1672இல் எடோ நகர் (இன்றைய தோக்கியோ) சென்ற பாஷோ அங்கே ஆசிரியராகப் புகழ் பெற்றார்; 1680இல் அப்புகழை விட்டு ஃபுககாவாவின் ஆற்றங்கரைக் குடிலுக்குக் குடிபெயர்ந்தார். மாணவர் ஒருவர் அங்கு நட்ட வாழையே அவருக்குப் பெயராயிற்று. பாஷோ என்னும் சொல்லுக்கு வாழை என்பது பொருள். அக்குடில் தீக்கிரையானது, அடுத்து, 1683இல், தாயும் மறைந்தார். அதற்குப் பின்னரே நெடும் பயணங்கள். 1689இல் வடநாட்டை நோக்கிச் சென்ற புகழ்மிக்க பயணம் சற்றேறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீண்டது. இவை யாவரும் அறிந்தவை.

சாகானோவில் அவர் கழித்த நாட்களோ அத்துணை அறியப்பட்டவையல்ல. ராகுஷிஷா அவருடைய மாணவர் க்யோராயின் உடைமை. அதன் பெயர் பழம் உதிர்ந்ததைக் குறிப்பது. தோட்டத்திலிருந்த நாற்பது சீமைப் பனிச்சை மரங்களின் பழங்களைக் க்யோராய் ஒரு வணிகனுக்கு விலைபேசி விற்க, அன்றிரவே வீசிய காற்றில் அத்தனையும் உதிர்ந்துபோயினவாம். அந்த நட்டத்தையே வீட்டுக்குப் பெயராக்கிக்கொண்டார் அவர்!

சந்திரமான நாட்காட்டியின் நான்காம் மாதம் 18ஆம் நாள் (மே மாதத்தின் நடுப்பகுதி) பாஷோ அங்கே வந்து சேர்ந்தார். ஒரு மேசை, மைக்கல், சீனக்கவி போ சூயியின் தொகுப்பு, கெஞ்சிக் கதை, வேறு சில நூல்கள், கொஞ்சம் தின்பண்டம், மது. தம் வறுமையை மறந்து அமைதியில் திளைக்கலாம் என அவர் நினைத்தார். மறுநாள் மூங்கில் அடர்ந்த தோப்பொன்றில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பேரரசர் தகாகுராவின் அன்புக்குரியவளாயிருந்து, கியோமோரியின் சினத்துக்கு அஞ்சிச் சாகானோவில் மறைந்து வாழ்ந்த கோகோ என்னும் இசைவல்லாளின் கல்லறையைக் கண்டார். பட்டிலும் பூவேலையிலும் வாழ்ந்தவள் முடிவில் புதரடியில் புழுதியானாளே என்று நெகிழ்ந்தார். பெருமூங்கில் தோப்பையும், அதனூடே ஒழுகும் நிலவையும், குயிலினப் பறவை ஒன்றின் குரலையும் ஒன்றுசேர்த்து அவர் பாடிய கவிதை அந்நாட்களின் விளைவே.

ஆயினும் தனிமை அவருக்கு நெடுநேரம் வாய்க்கவில்லை. 20ஆம் நாள் க்யோராயும், போன்ச்சோவும், போன்ச்சோவின் மனைவியும் கவிஞருமான உக்கோவும் வந்தனர். ஐவர் ஒரே கொசுவலைக்குள் படுத்தால் உறக்கம் ஏது? நள்ளிரவு கடந்ததும் எல்லாரும் எழுந்து, பகலில் மிஞ்சிய தின்பண்டத்தையும் மதுவையும் எடுத்து வைத்துக்கொண்டு விடியும் வேளைவரை பேசிக்கொண்டிருந்தனர். முந்தைய ஆண்டு போன்ச்சோவின் வீட்டில் நான்கு மாநிலத்தார் நால்வர் ஒரே வலைக்குள் படுத்த கதையைச் சொல்லிச் சிரித்தனர். மறுநாள் நண்பர்கள் நகருக்குத் திரும்பினர். அதற்கு அடுத்த நாள் மழை, வந்தவர் எவருமில்லை. அன்றுதான் பாஷோ தனிமையின் சுவையைப் பற்றி விரிவாக எழுதினார். விடியவிடியப் பேசிச் சிரித்தவரின் கைதான் அதை எழுதியது என்பதை ஆய்வாளர் பலர் கருதிப்பார்ப்பதில்லை. பலர் கூடி மாறிமாறித் தொடுக்கும் தொடர்ச்செய்யுளே அவர் வாழ்நாள் முழுவதும் பயின்ற கலை. தனித்து நிற்பதாக நாம் போற்றும் ஹைக்கூ, அத்தொடரின் வாயிற்செய்யுளாகப் பிறந்ததே. க்யோராயும் போன்ச்சோவும் அப்போது தொகுத்துக்கொண்டிருந்த ‘சாருமினோ’ அவ்வாண்டிலேயே வெளிவந்து அம்மரபின் சிகரமாயிற்று.

28ஆம் நாள் பாஷோ அழுதபடி விழித்தெழுந்தார். கனவில் வந்தவர் தோக்கொக்கு. நகோயாவின் அரிசி வணிகரான அவர், கையில் இல்லாத அரிசியை விற்றார் என்னும் குற்றத்துக்காக 1685இல் நாடுகடத்தப்பட்டவர். பழிக்கு ஆளான அந்த மாணவரை பாஷோ கைவிடவில்லை. 1687இல் குளிரில் வழிமாறிச் சென்று அவரைக் கண்டார். அடுத்த ஆண்டு யோஷினோவின் மலர்களைக் காண உடனழைத்துச் சென்றார். ஏறத்தாழ நூறு நாட்கள் நிழல்போல் உடன்வந்த அவ்விளைஞர் 1690இல் மாண்டார். உள்ளத்தில் ஊறிக்கிடந்ததே கனவாயிற்று என நாட்குறிப்பில் எழுதிவைத்தார் ஆசிரியர். மூங்கிற்காட்டின் தனிமையில் அவரைத் தேடிவந்தோருள் இறந்தவரும் இருந்தனர்.

ஐந்தாம் மாதம் நான்காம் நாளோடு அந்நாட்குறிப்பு முடிகிறது. மறுநாள் பிரியப்போகும் வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாய்ச் சுற்றிப் பார்த்தார் பாஷோ.

1694 கோடையில் ராகுஷிஷாவுக்கு மீண்டும் வந்தபோது அருகிலுள்ள கியோதாகி ஆற்றின் தெளிவைப் பாடினார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஒசாகாவில் நோயில் வீழ்ந்தார். மரணத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் க்யோராயை அழைத்து, அண்மையில் ஒரு தோழியின் இல்லத்தில் வெண்சாமந்தியைப் பாடிய செய்யுளின் சாயல் கியோதாகிப் பாட்டில் விழுந்துவிட்டதென்று கூறி, அதனைத் திருத்திச் சொன்னார். பழைய படி சாகானோவில் வாழ்ந்த மாணவர் யாமேயிடம் இருப்பதால், அதை வாங்கி அழித்துவிடுமாறும் பணித்தார். இறப்பின் வாயிலில் நின்றவர்க்கு அக்கவலை இருந்தது. பத்தாம் மாதம் 12ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. விருப்பப்படி ஓட்சுவின் கிச்சூஜி கோயிலில் அடக்கம் செய்தனர்.

க்யோராய் இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தார்க்கு எழுதிவைத்தார். அதனால் திருத்திய வடிவோடு, ஆசிரியர் அழிக்கச் சொன்ன வடிவும் தப்பிப் பிழைத்தது! 1704இல் மறைந்த க்யோராய்க்கு ராகுஷிஷாவின் பின்புறம் ஒரு சிறு நினைவுக்கல் உள்ளது. முழங்கால் உயரமும் இல்லாத அக்கல்லில் அவர் பெயரின் ஈரெழுத்துகள் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.