வாடிங்டனின் மலைச்சரிவு

உரும்பிராயில் ஒரு பொடியன் ஹெரோயினுக்கு அடிமையாகிவிட்டான் என்று தெரிந்ததும் ஊர் முதலில் தேடுவது அவனுடைய தகப்பனை. தகப்பன் குடித்தவரா, அப்பப்பா கசிப்புக் காய்ச்சியவரா என்று விசாரித்து, பரம்பரைக் குணம் என்று முடித்துவிடுவோம். பிறகு அந்த வீட்டுப் படலையை யாரும் திறப்பதில்லை. இந்தத் தீர்ப்பு எவ்வளவு சரி என்று தேடிப் படித்தபோதுதான் கொன்ராட் வாடிங்டன் என்ற பெயர் எனக்கு அறிமுகமானது.

போதைப்பொருள் அவருடைய ஆய்வுத்துறை அல்ல. ஆனால் பரம்பரையலகுகள் எப்படி உடலாகவும் குணமாகவும் விரிகின்றன என்ற ஆய்வுக்கு 1942இல் எபிஜெனெடிக்ஸ் என்று பெயர் வைத்தவர் அவர்.

1905இல் இங்கிலாந்தின் ஈவ்ஷாமில் பிறந்தார். தகப்பன் தென்னிந்தியாவில் தேயிலைத் தோட்டக்காரர். மழலைப் பருவம் அங்கேதான். பிறகு இங்கிலாந்தில் உறவினரிடம் வளர்ந்தார். பெற்றோர் கடலுக்கு அப்பால் இருக்க, உறவினர் வீட்டில் வளர்வது எப்படியிருக்கும் என்று நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. கேம்பிரிட்ஜில் படித்து, கல்லாகிப்போன பழைய உயிரினங்களை ஆராயத் தொடங்கி, பின்னர் முளையவியலுக்கு மாறினார். இரண்டாம் உலகப் போரில், ஜேர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிய பிரித்தானிய விமானப்படைக்கு விஞ்ஞான ஆலோசகர். 1947இல் எடின்பரோவில் பேராசிரியரானார்.

அவர் பெயரை நிலைக்கவைத்தவை பழ ஈக்கள். கூட்டுப்புழுக்களைச் சில மணிநேரம் கடும் சூட்டில் வைத்தார். வெளிவந்த சில ஈக்களின் சிறகில் ஒரு குறுக்கு நரம்பைக் காணவில்லை. அவற்றையே தெரிந்தெடுத்துப் பெருக்கி, ஒவ்வொரு தலைமுறையையும் சூடாக்கினார். பல தலைமுறைகளின் பின், சூடே படாத ஈக்களிலும் சில அந்த நரம்பில்லாமல் பிறந்தன. 1953இல் வெளியான இந்த முடிவை, சூடு பரம்பரையலகையே மாற்றிவிட்டது என்று பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஈக்களில் முன்பே ஒளிந்திருந்த வேறுபாடுகளைச் சூடு வெளியே கொண்டுவந்தது, தெரிவு அவற்றை ஒன்றுசேர்த்தது என்பதே அவருடைய விளக்கம். போரின் வடு பேரப்பிள்ளைகளின் இரத்தத்தில் எழுதப்பட்டாயிற்று என்று மேடையில் முழங்குவோர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசிக்கலாம்.

1957இல் அவர் வெளியிட்ட படத்தில், வளரும் கலம் மலைச்சரிவில் உருளும் பந்தாக இருக்கிறது. சரிவுக்குக் கீழிருந்து பல கயிறுகள் நிலத்தை இழுத்துப் பிடிக்கின்றன. அவற்றின் முளைகள்தான் பரம்பரையலகுகள். பந்து எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்பதை ஒரு முளை தனியே தீர்மானிப்பதில்லை.

1975 செப்டெம்பரில் இறந்தார். டிஎன்ஏயில் ஒட்டும் மெதைல் குறிகள் பரம்பரையலகுகளைத் திறக்கவும் மூடவும் கூடும் என்ற கருத்து அதே ஆண்டுதான் முன்வைக்கப்பட்டது. 1944-45 பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் தாயின் வயிற்றிலிருந்தவர்களிடம், அறுபது ஆண்டுகள் கழித்தும் அத்தகைய குறிகளில் மாற்றம் இருந்ததை 2008இல் கண்டார்கள். வன்னியில் பதுங்குகுழிக்குள் பிள்ளையைச் சுமந்த தாய்மாரை நினைக்காமல் அதை என்னால் வாசிக்க முடியவில்லை.

அடிமைத்தனத்துக்கு வருவோம். ஹெரோயின் போன்ற ஓபியொயிட்டுகளில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். அந்தப் பாதியும் ஒரு பரம்பரையலகின் வேலையல்ல, பலவற்றின் சிறுசிறு பங்கு. ஹெரோயின் பாவித்து இறந்தவர்களின் மூளையைப் பார்த்தபோது, பாவித்த ஆண்டுகள் கூடக்கூட, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் ஒருவகைக் குறியும் கூடியிருந்தது. அந்தக் குறியை வாசிக்கும் புரதங்களைத் தடுத்தபோது, ஆய்வுகூட எலிகள் ஹெரோயினைத் தேடுவது குறைந்தது. மனிதருக்கு அது இன்னும் மருந்தாகவில்லை.