ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்? இசைத்தட்டு விற்ற காரைக்குடி இளைஞரின் கதை

தீபாவளிச் சந்தை நேரத்தில் சிராங்கூன் ரோட்டில் நடந்து பாருங்க. கடைக்குக் கடை ஒரு பாட்டு கேட்கும். உங்கள் கைப்பேசியிலோ இன்னும் ஆயிரம் பாட்டு இருக்கும்.

ஆனால் பாட்டைக் காசு கொடுத்து, தட்டாக வாங்கி, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தொடங்குகிறது இவருடைய கதை.

அவர் ஏ.வி. மெய்யப்பன். ஏவிஎம் என்றால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். படம் தொடங்கும்போது திரையில் வரும் அந்த மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர். ஆனால் அவர் சினிமாவில் தொடங்கவில்லை. இசைத்தட்டில்தான் தொடங்கினார்.

யார் இந்த மெய்யப்பன்?

1907ஆம் ஆண்டு காரைக்குடியில் பிறந்தவர். நகரத்தார் குடும்பம். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் செய்தார்களே, டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் கட்டினார்களே, அதே சமூகம்தான்.

அப்பா ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் கடை வைத்திருந்தார். பல பொருள்களோடு கிராமபோன் தட்டுகளும் விற்றார்கள். மெய்யப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. யாரோ செய்த தட்டை ஏன் விற்கணும்? நாமே பாட்டைப் பதிவு செய்து விற்றால் என்ன?

சென்னைக்குப் போனார். கூட்டாளிகளுடன் சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். அது 1930களின் தொடக்கம். ஜெர்மனியில் தோன்றிய ஓடியன் நிறுவனத்தின் தட்டுகளை அவர்கள் தென்னிந்தியாவில் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தட்டு எப்படி இருக்கும்?

கறுப்பாக, கனமாக இருக்கும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். அரை மணி நேரம் பாடும் வித்துவானும் அதற்குள் பாடி முடிக்கணும். தட்டில் சேர்த்த அரக்கு, மரத்தில் வாழும் பூச்சியிலிருந்து கிடைப்பது. அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் உலகுக்குப் போனது.

அமெரிக்காவோடு என்ன தொடர்பு?

இங்கேதான் ஒரு சுவாரசியம். ஓடியனின் அமெரிக்கக் கிளையைக் கவனித்த ஓட்டோ ஹைன்மன், 1918இல் ஓக்கே என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார். 1920இல் ஓக்கே, மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் புளூஸ் பாட்டைப் பதிவு செய்தது. அது அமோகமாக விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது அப்போதுதான் மற்ற நிறுவனங்களுக்கு உறைத்தது.

தமிழிலும் இதே கணக்குதான். தங்கள் மொழிப் பாட்டுக்குத் தமிழர்கள் காசு கொடுப்பார்கள் என்று நம்பித்தான் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடந்தது.

தட்டிலிருந்து திரைக்கு

மெய்யப்பனின் முதல் இரண்டு படங்களும் 1935இல் வந்தன. இரண்டுமே ஓடவில்லை. அவர் விடவில்லை.

பாட்டுப் பதிவு தெரிந்தவர் என்பதால் வேறு மாதிரி யோசித்தார். நடிப்பவரேதான் பாடணுமா? 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க, இன்னொருவர் பாடினார். 1945இல் 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணிக்காகப் பெரியநாயகியின் குரல் ஒலித்தது. இன்று நீங்கள் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பின்னணிப் பாட்டு, தமிழில் இப்படித்தான் வேர்விட்டது.

பாரதி பாட்டு யாருக்கு?

1946இல், பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பன் ஒரு வணிகரிடமிருந்து விலைக்கு வாங்கினார். பாரதி 1921இலேயே இறந்துவிட்டார். அவர் பாட்டுகள் அதற்குள் கைமாறி வியாபாரப் பொருளாகியிருந்தன.

1947 தொடக்கத்தில் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டுகளைப் பாடினார். குமாரி கமலா ஆடினார். படம் பெரிய வெற்றி. படிக்கத் தெரியாதவர்களுக்கும் பாரதி போய்ச் சேர்ந்தார்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை தன்னிடம் இருப்பதாக ஏவிஎம் ஆட்சேபித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் மக்கள் கவியின் பாட்டுக்கு ஒரு தனி மனிதர் பூட்டுப் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. பாரதி பாட்டைப் பொதுவாக்கக் கோரும் குரல்கள் வலுத்தன.

1949இல் சென்னை மாகாண அரசாங்கம் பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. தான் விலைக்கு வாங்கிய உரிமையை மெய்யப்பன் பணம் எதுவும் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் அந்தப் பாட்டுகள் எல்லாருக்கும் பொதுவாயின.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. சிகாகோவில் செஸ் என்ற புகழ்பெற்ற நிறுவனத்துக்காகப் புளூஸ் பாட்டுகளைப் பதிவு செய்த மடி வாட்டர்ஸும் வில்லி டிக்சனும், தங்கள் பாட்டுக்குரிய பணத்துக்காக அதன் பாடல் பதிப்பு நிறுவனத்தின்மீது 1970களில் வழக்குப் போட வேண்டியிருந்தது.

உங்களுக்கு இதில் என்ன?

மெய்யப்பன் 1979இல் காலமானார். அவர் வியாபாரி. பாட்டை விற்றுத்தான் வளர்ந்தார். பாரதியை ஊரெங்கும் கொண்டுபோனதும் அவர்தான். சில காலம் அந்தப் பாட்டுக்குப் பூட்டாக இருந்ததும் அவர்தான். கடைசியில் சாவியைக் கொடுத்ததும் அவர்தான்.

அடுத்த தடவை பள்ளியிலோ தமிழ்மொழி விழாவிலோ பாரதி பாட்டுக்கு நீங்களே மெட்டுப் போட்டுப் பாடலாம், காணொளி எடுத்துப் பகிரலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஆனால் இன்று நீங்கள் சொந்தமாக ஒரு பாட்டு எழுதினால்? அது யாருக்குச் சொந்தம் என்பதை, கையெழுத்துப் போடும் முன்னாடியே கேட்டுவிடுங்க.