மண்ணுக்கடியில் இருப்பதை வாசித்தவர் – இராபர்ட் புரூஸ் ஃபூட்

மாமல்லபுரம் செல்லும் நாம், கடலோரத்தில் கரும்பாறைகளில் குடைந்த மண்டபங்களையும் இரதங்களையும் கண்டு வியக்கிறோம். அங்கிருந்து வடமேற்கே திருப்பெரும்புதூர்ப் பக்கம் சென்றால், கிணறு வெட்டும் இடங்களில் மென்மையான களிப்பாறை கிடைக்கிறது. அதில் இலைகளின் தடங்களும் கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் பதிந்திருக்கின்றன. கடலோரத்தில் கெட்டிப்பாறை, உள்நாட்டில் கடற்படிவு. இந்தப் புதிருக்கான விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. அதைத் தேடும் பணிக்கு இப்பகுதியில் அடித்தளம் இட்டவர்களுள் முக்கியமானவர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

இவர் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பீட்டர் பெர்சிவல் அவர்களின் மகளை மணந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றி, பாறைகளை வரைபடத்தில் குறித்தார்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடலருகே சரளைக்கல் தோண்டிய குழியில் மனிதர் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், தம் உடன்பணியாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் மேலும் பலவற்றைக் கண்டார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று இவர் போற்றப்படுவதற்கு இதுவே காரணம். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் கல்லாயுதம் தேடுவது அவருடைய அலுவல் அன்று. பாலாற்றுக்கு வடக்கே உள்ள பகுதியின் நிலவியலை விவரிக்கும் அவருடைய நூல் 1873இல் வெளிவந்தது. எந்தப் பாறை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை நடந்து பார்த்தே அவர் குறித்தார். திருப்பெரும்புதூர்ப் படிவுகளையும் அதில் விளக்கினார். அவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. நிலம் பிளந்து ஒரு பகுதி கீழே இறங்கும்போது, அந்தப் பள்ளத்தில் வண்டலும் கடல்நீரும் புகுந்து இத்தகைய படிவுகளை உண்டாக்குகின்றன. இறங்காமல் நின்ற பகுதி கெட்டிப்பாறையாகவே நிற்கிறது. பாலாற்றுப் படுகை என்று இன்று அழைக்கப்படுவது இவ்வாறு உருவான பள்ளமே.

எண்ணெய், எரிவாயு தேடுவோருக்கு இந்தப் பிளவுகள் மிக முக்கியமானவை. நகர்ந்து வந்த களிப்பாறை எண்ணெயின் வழியை அடைத்தால் அது அங்கே தேங்கும். பிளவு திறந்திருந்தால் கசிந்து போய்விடும். ஃபூட் பணியாற்றிய அதே துறையைச் சேர்ந்த ரிச்சர்டு ஓல்டாம், 1897ஆம் ஆண்டின் அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்து, நில அதிர்வலைகள் பல வகைப்பட்டவை, வெவ்வேறு வேகத்தில் செல்பவை என்று பிரித்துக் காட்டினார். 1921இல் அமெரிக்காவின் ஒக்லகோமாவில், செயற்கை அதிர்வின் எதிரொலியைக் கொண்டு நிலத்தடி அடுக்குகளை அறியும் முறை சோதிக்கப்பட்டது. நம் காவிரிப் படுகையிலும் இம்முறையில் தேடினார்கள். 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது.

இன்று வல்லுநர்கள் கணினியில் ஒரு நிலத்தடி மாதிரியை அமைக்கிறார்கள். பிளவு இங்கே, இத்தனை சாய்வில் இருந்தால் அலை எப்படித் திரும்பும் என்று கணக்கிடுகிறார்கள். பதிவான அலையோடு அது பொருந்தும்வரை மாதிரியைத் திருத்துகிறார்கள். ஆனால் ஒரே பதிவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் பொருந்தக்கூடும். அவற்றுள் எது உண்மை என்று முடிவுசெய்ய, துளையிட்டு எடுத்த பாறையும், நிலத்தின் மேல் கண்ணால் கண்ட பாறையும் சாட்சி சொல்ல வேண்டும். பிளவைத் தவறாகக் கணித்தால், பெருஞ்செலவில் தோண்டிய கிணறு வறண்டு கிடக்கும்.

ஃபூட்டின் வாழ்வு நமக்குக் கற்றுத்தருவதும் இதுவே. கல்லாயுதங்கள் கிடைத்த செம்புறைக்கல் படிவுகள் ஆழமற்ற கடலில் படிந்தவை என்று அவர் கருதினார். பின்வந்தோர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆயினும், எந்த இடத்தில் எந்த அடுக்கில் எதைக் கண்டார் என்று அவர் எழுதிவைத்த குறிப்புகள் நிலைத்தன. கண்டதையும் கருதியதையும் அவர் கலக்காமல் எழுதியதால்தான், ஒன்று வீழ்ந்தபோதும் மற்றது நின்றது.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கொல்கத்தாவில் அவர் காலமானார். அவர் நேசித்து வாழ்ந்த ஏற்காட்டின் திருத்துவ ஆலய வளாகத்தில் அவருடைய நினைவுக்கல் இருக்கிறது.

காணாததைப் பற்றி உறுதியாகப் பேசுவோர் மிகுந்த காலம் இது. நாம் பேசுமுன், இதில் நாம் கண்டது எவ்வளவு, கருதியது எவ்வளவு என்று நம்மையே கேட்டுக்கொள்வோமா?