டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் கலாசாலை வாயிலும்

ஆண்டுதோறும் வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் நாட்களில் நம் சென்னை மாநகரின் கல்லூரிகள்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். மயிலையிலிருந்தும், தியாகராய நகரிலிருந்தும், அடையாற்றிலிருந்தும், அவற்றினும் தொலைவான ஊர்களிலிருந்தும் வரும் இளைஞரும் அவர்தம் பெற்றோரும் சேர்க்கைப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவர். பெயர் காணப்பெற்றோர் விரைந்து அகன்றுவிடுவர். காணப்பெறாதோரோ எளிதில் அகலார். காத்திருப்போர் பட்டியலில் தமக்கு முன் எத்துணைப் பேர் உளர் என்று எண்ணுவர். எவரிடம் முறையிடலாம், எவ்வாறு மனு எழுதலாம் என ஆராய்வர். அத்தந்தையர் கையிலுள்ள காகிதக் கட்டைக் கண்டு மனம் நோகாத ஆசிரியர் எவரும் இரார்.

இவர்களைத் தேற்றப் புகுவோர் பெரும்பாலும் கணித மேதை இராமானுஜன் சரிதத்தையே எடுத்துரைப்பர். எப்.ஏ. பரீட்சையில் தேறாத அவர், பட்டம் ஏதுமின்றியே 1913-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்தைப் பெற்றார் என்பது மெய்யே. ஆயினும் அத்தகைய மேதை நூற்றாண்டுக்கு ஒருவர் தோன்றுதலே அரிது. நம்மனோர்க்கு அவ்வரலாறு ஆறுதலினும் மலைப்பையே மிகுதியும் தருகின்றது. ஆதலின், அடையாற்றில் வாழ்வார் நாள்தோறும் கடந்து செல்லும் இரண்டு நிலையங்களை நிறுவிய ஓர் அம்மையாரின் வாழ்வை இங்கே கூறக் கருதினேன். அவர் கலாசாலைக்குள் நுழைந்ததே ஒரு முறையீட்டின் பயனாகத்தான்.

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கலாசாலையின் தலைவராய் விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்திற் பிறந்தவர். அந்தண குலத்தவரான நாராயணசாமி ஐயர் அவரை மணந்தமையால் தம் சுற்றத்தாரால் விலக்கப்பெற்றார். இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னே நேர்ந்தவை பலவற்றிற்கும் இதுவே வேராகும்.

சிறுமி நான்கு வயதிலேயே பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். ஆனால் பெண் பருவமெய்தியவுடன் பள்ளியினின்றும் நிறுத்திவிடுதல் அக்காலத்து வழக்கம். முத்துலட்சுமிக்கும் அதுவே நேர்ந்தது. காலத்தே மணம் முடித்துவிட வேண்டும் என்பது தாயாரின் கவலை. படிப்பை விடலாகாது என்பது தந்தையாரின் துணிவு. வீட்டில் இருந்தவாறே பாடங்களைக் கற்று, எப்பள்ளியின் மாணவியாகவும் இன்றித் தனியே எழுதி, 1902-இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். உடன் பயில்வாரும் இல்லை, போட்டியிடுவாரும் இல்லை, மேலே செல்லக் கலாசாலை ஒன்று உண்டு என்னும் உறுதியும் இல்லை. இடம் கிடைக்குமென்ற நம்பிக்கையோடு படிப்பது ஒன்று. அந்நம்பிக்கையே இல்லாத காலத்திற் படிப்பது மற்றொன்று. அம்மையார் செய்தது இரண்டாவதாகும்.

அந்நாளிற் சென்னையில் பெண்களுக்கெனக் கலாசாலை ஒன்றேனும் இருந்ததில்லை. இராணி மேரிக் கல்லூரி 1914-இலும், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915-இலுமே தோன்றின. எனவே புதுக்கோட்டையில் ஆடவர் பயிலும் மகாராஜா கலாசாலைக்கே விண்ணப்பம் அனுப்பப்பட்டது. அவ்வமயம் அங்கே தலைமை வகித்தவர் அதனை ஏற்க விரும்பவில்லை. இளைஞர் நிறைந்த வகுப்பில் ஒரு பெண் அமர்வதா என்பது ஒரு தடை. அப்பெண் பிறந்த குலம் மற்றொரு தடை. அவளால் மாணாக்கர் ஒழுக்கம் கெடுமென்றும் அஞ்சினர். பரீட்சையிற் பெற்ற தேர்ச்சியைப் பற்றி எவரும் குறை கூறியதாகத் தெரியவில்லை. தந்தை தலைமை வகித்த கலாசாலையே மகளுக்கு வாயிலடைக்க முற்பட்டது விந்தையன்றோ!

விஷயம் அரசரிடம் சென்றது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அப்போது முப்பது வயதளவினர். மேனாட்டுக் கல்வியும் புதுநோக்கும் உடையவர். கலாசாலைத் தலைவரின் தடைகளை அவர் பொருட்படுத்தவில்லை. முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டு, உபகாரச் சம்பளமும் அளித்தார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று நோக்குதல் தகும். முறையீடு வென்றது, ஆனால் அது வென்றது விதியினால் அன்று, ஒரு மன்னரின் பெருந்தன்மையினால். அவரும் மறுத்திருப்பின் அதற்குமேல் முறையிட வேறு இடமில்லை. அரசர் செவிக்கு எட்டும் நிலையில் இராத தந்தையரின் பெண்மக்கள் எத்தனை பேர் அவ்வாயிலைக் காணாமலே மறைந்தனரோ, யாரறிவார்! மேலும், கட்டளையினால் இடம் கிடைத்ததே தவிர வரவேற்புக் கிடைக்கவில்லை. ஆடவர் கண்ணிற் படாதவாறு திரை மறைவில் அமர்ந்து அவர் பாடங் கேட்க நேர்ந்தது. வகுப்பில் இருந்தும் வகுப்பின் புறத்தே இருந்தவர் போலவே அவர் பயின்றார் எனலாம்.

பயிலுங்காலத்தில் அவர் உடல்நலம் நன்றாக இருக்கவில்லை. தாயாரும் கடும் நோயுற்றுக் கிடந்தார். அதனைக் கண்ணுற்றதே மருத்துவத்தின்பால் அவர் உள்ளத்தைத் திருப்பிற்று என்பர். 1907-ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்தார்.

இக்கலாசாலையைப் பற்றி நம் நகரத்தார் பெருமையுடன் கூறத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ சர்வகலாசாலையில் 1869-இல் மருத்துவம் பயிலச் சேர்ந்த பெண்கள், மறு ஆண்டிலேயே பரீட்சை மண்டபத்து வாயிலில் ஒரு கூட்டத்தாரால் தடுக்கப்பட்டுச் சேற்றால் எறியப்பட்டனர். 1873-இல் நீதிமன்றமும் அவர்களுக்குப் பட்டமளிக்கச் சர்வகலாசாலை கடமைப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. சென்னை வைத்தியக் கலாசாலையோ 1875-ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் அம்மையாரையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. கல்கத்தாவில் பெண் என்பதற்காக இடம் மறுக்கப்பட்ட அபலா தாஸ், வங்காள அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று 1882-இல் சென்னைக்கு வந்தே மருத்துவம் பயின்றார். நோயினால் அவர் படிப்பை முடிக்க இயலாது போயிற்று. பிற்காலத்தில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியாராகி, வங்காளத்துப் பெண்கல்விக்குப் பெருந்தொண்டு செய்தவர் அவரே.

அங்ஙனம் திறந்திருந்த வாயிலிலே முத்துலட்சுமி அம்மையார் புகுந்தார். 1912-இல் பரிசுகளுடனும் பதக்கங்களுடனும் எம்.பி., சி.எம். பட்டம் பெற்று வெளிவந்து, எழும்பூரில் அரசாங்கப் பெண்கள் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக நடத்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் ஆகாது என்ற நிபந்தனைகளை முன்னரே கூறி, அவர் இசைந்த பின்னரே இவர் இசைந்தார். மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை விதிப்பதையே கேட்டுப் பழகிய நாட்டில் இஃது ஒரு புதுமைதான்.

சட்டசபை வாழ்வை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1926-இன் இறுதியில் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, அடுத்த ஆண்டு அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க 1927-இல் தீர்மானம் கொணர்ந்தார். ஏழைப் பெண்களுக்குப் பள்ளிச் சம்பளம் நீக்கப்படல் வேண்டும் என வாதாடினார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். பெண்களைப் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-இல் தான் நிறைவேறிற்று.

ஆனால் 1930-ஆம் ஆண்டிலே அவர் வீட்டு வாயிலில் நிகழ்ந்த ஒன்றை விரித்தே கூறல் வேண்டும். தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர், தம்மைப் பொட்டுக்கட்ட முயன்றாரிடமிருந்து தப்பி, அடைக்கலம் நாடி அம்மையாரிடம் வந்தனர். அவர்களைப் படிக்க வைத்தலே காப்பதற்கு வழி எனக் கருதிய அவர், நகரிலிருந்த பெண்கள் விடுதிகளில் இடம் தேடினார். பிராமணப் பெண்களுக்கான விடுதியிலும் இடமில்லை. பிராமணரல்லாதாருக்கான விடுதியிலும் இடமில்லை. காரணம் பிறப்பேயன்றி வேறில்லை. சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னே புதுக்கோட்டையில் தாம் கேட்ட சொற்களையே இப்போது சென்னையிற் பிறர் பொருட்டாக அவர் கேட்கலானார்.

இம்முறை கட்டளையிட ஓர் அரசர் இல்லை. நாட்டின் சட்டசபையிலே துணைத் தலைமை வகித்தவர்; மருத்துவர்; பெரியோர் பலர்க்கும் அறிமுகமானவர்; அவர் சொல்லுக்கும் விடுதிக் கதவு திறக்கவில்லை. வேறொருவராயின் மறுத்தோரை வைது பத்திரிகைகளுக்கு எழுதி அமைந்திருப்பார். அம்மையாரோ அச்சிறுமியரைத் தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் என்னும் நிலையம் அங்ஙனம் தோன்றியதே. குலமும் பெற்றோர் பெயரும் கேட்டு மறுக்காத ஓர் இடம் அது. பின்னர் அடையாற்றில் நிலைபெற்று, பள்ளியும் தொழிற்பயிற்சியும் உடையதாய் வளர்ந்தது. பெசன்ட் அவென்யூ வழியே செல்வோர் அதன் பெயர்ப்பலகையை இன்றும் காணலாம். மனு மறுக்கப்பட்ட இடத்திலே தொடங்கிய பள்ளி இதுவென அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

இங்கே என் கருத்தொன்றைக் கூறிவிடுகின்றேன். மதிப்பெண் குறைந்தமையாற் பெறும் மறுப்பும், பிறப்பினாலும் பாலினாலும் பெறும் மறுப்பும் ஒன்றல்ல. முன்னதைத் தாங்கிக்கொண்டு மறுமுறை முயலலாம். வேறு கல்லூரியையும் நாடலாம். அதில் இழிவு ஏதும் இல்லை. பின்னதை அங்ஙனம் தாங்கிக்கொள்ளச் சொல்லுதல் முறையன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, தகுதிக் குறைவினாலே தள்ளப்பட்டோம் என்றெண்ணித் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் மாணாக்கரையும் கண்டிருக்கிறேன். அநீதி இழைக்கப்பட்டதெனக் கூறி எட்டு மதிப்பெண் குறைவை மறைப்பாரையும் கண்டிருக்கிறேன்.

அம்மையாரின் தங்கை சுந்தரம்மாள் இளவயதிற் புற்றுநோயால் இறந்தார். உரிய காலத்தில் நோய் இன்னதெனக் கண்டறியப்படாமையே அத்துயரை மிகுவித்தது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் எண்ணத்தை 1935-இல் வைத்தியக் கலாசாலையின் நூற்றாண்டு விழாவில் அவர் வெளியிட்டார். இதற்கும் மறுப்புக்கள் வந்தன. இந்நோய் வந்தால் மரணமே முடிவென்று கருதிய அந்நாளில், அதற்கொரு தனி நிலையம் எதற்கு என்பதே அதிகாரிகள் பலரின் எண்ணம். அவர் விடவில்லை. 1952 அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றிலே பன்னிரண்டு படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கிற்று. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். 1935-க்கும் 1954-க்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன என்பதைக் காத்திருப்போர் பட்டியலில் மூன்று வாரம் இருப்பவர் எண்ணிப் பார்ப்பாராக.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில் இயற்கை எய்தினார்.

முன்னரே கூறியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். அம்மையாருக்கு நல்லமுத்து என்றொரு தங்கையும் உண்டு. தமக்கைக்குப் பின்னே அவரும் கலாசாலைக் கல்வி பயின்றார். மயிலைக் கடற்கரையை நோக்கி நிற்கும் இராணி மேரிக் கல்லூரியில், ஆங்கில மாதர் வகித்துவந்த தலைவர் பதவியை ஏற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. பெண்களின் சேர்க்கை விண்ணப்பங்களை ஏற்கவும் மறுக்கவும் உரிய நாற்காலியில், ஒரு காலத்தில் எந்தக் குடும்பத்தின் விண்ணப்பம் மறுக்கப்பட இருந்ததோ அக்குடும்பத்துப் பெண்ணே அமர்ந்திருந்தார்.