லேண்ட்ரோவரை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ்

கோலா கங்சார் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு லேண்ட்ரோவர் வண்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. துரைமார் ஏறி வந்த அந்தப் பச்சை வண்டியின் ஓசை கேட்டாலே பால்மரக் காட்டில் வேலை சுறுசுறுப்பாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய லேண்ட்ரோவர்களைப் பழுது பார்ப்பதும், அந்த வேலையை இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுப்பதும் என் தொழில். அந்த வண்டிக்கு உயிர் கொடுத்த மாரிஸ் வில்க்ஸை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

மாரிஸ் வில்க்ஸ் 1904 ஆகஸ்டு 19-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹெய்லிங் தீவில் பிறந்தார். மால்வர்ன் கல்லூரியில் படித்து முடித்ததும் 1922-இல் ஹில்மன் கார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1926 முதல் இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பினார். 1930-இல் ரோவர் நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் அதன் தலைமைப் பொறியாளர் ஆனார். அவருடைய அண்ணன் ஸ்பென்சர் அதே நிறுவனத்தின் நிர்வாகத்தைக் கவனித்தார்.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது, பிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் எந்திரத்தைத் தயாரிக்கும் பொறுப்பு ரோவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வடிவமைப்பை யார் மாற்றலாம், எவ்வளவு மாற்றலாம் என்பதில் விட்டிலுக்கும் ரோவருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 1943-இல் ஜெட் பணி ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அதற்கு மாற்றாக, டாங்கிகளுக்கான மீட்டியோர் எந்திரத் தயாரிப்பு ரோவருக்குக் கிடைத்தது.

போர் முடிந்தபோது பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் நிறுவனங்களுக்கே எஃகு ஒதுக்கப்பட்டது. ரோவரின் சொகுசுக் கார்களை அதிகம் வாங்க ஆளில்லை. இந்தக் காலத்தில்தான் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் பண்ணையில் வில்க்ஸ் ஒரு பழைய அமெரிக்க இராணுவ ஜீப்பை ஓட்டி வந்தார். அது தேய்ந்து போனால் என்ன செய்வாய் என்று அண்ணன் கேட்க, இன்னொரு ஜீப்தான் வாங்க வேண்டும், வேறு வண்டி இல்லையே என்று தம்பி சொன்னதாகக் கதை உண்டு. அந்தப் பதிலுக்குள் ஒரு தொழில் வாய்ப்பு இருப்பதை இருவரும் கண்டுகொண்டார்கள்.

1947-இல் ஜீப்பின் அடிச்சட்டத்தை வைத்தே முதல் முன்மாதிரி உருவானது. கிடைக்காத எஃகுக்குப் பதிலாக உடற்பகுதிக்கு அலுமினியக் கலவைத் தகடு பயன்பட்டது. கையால் வளைத்து அமைக்கும்படி தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவே இருந்தன. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் உலகத்தின் பார்வைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு மட்டும் கைகொடுக்கும் என்று தொடங்கிய வண்டி, நிறுவனத்தையே தாங்கி நின்றது.

அதிலிருந்து 47-ஆம் நாள், ஜூன் 16 அன்று, நம் கோலா கங்சார் மாவட்டத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் இராணுவமும் காவல்துறையும் தோட்ட நிர்வாகமும் லேண்ட்ரோவரைப் பயன்படுத்தின. உழவருக்காகப் பண்ணையில் பிறந்த வண்டி, இங்கே ஊரடங்கையும் சோதனையையும் நினைவூட்டும் வண்டியாகவும் இருந்தது. வில்க்ஸின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தப் பக்கத்தையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த வண்டிகள் இன்னும் ஓடக் காரணம், கழற்றி மறுபடி பூட்டக்கூடியவையாக அவை அமைந்ததுதான். டிரம் பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை பிரேக்கை 1902-இல் பிரான்சின் லூயி ரெனோ உருவாக்கினார். சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் பிறை வடிவ ஷூக்கள் இரண்டு இருக்கும். மிதியை அழுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் வீல் சிலிண்டரைத் தள்ளும். ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். 88 அங்குல வண்டியில் சிலிண்டர் மேலே, ஷூக்கள் ஊன்றி நிற்கும் இடம் கீழே. வண்டி முன்னோக்கிப் போகும்போது டிரம்மின் சுழற்சியே முன்பக்க ஷூவை இன்னும் இறுக்கமாக இழுத்து ஒட்டவைக்கும். பின்பக்க ஷூவை விலக்கித் தள்ளும். ஷூக்களும் ஸ்பிரிங்குகளும் இடம் மாறக்கூடாது என்பதன் காரணம் இதுதான்.

ஆகவே என் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் விதி: ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றுங்கள். சந்தேகம் வந்தால் பூட்டியிருக்கும் மற்றச் சக்கரம் பதில் சொல்லும். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பூட்டிய பின், டிரம் அசையாமல் பிடிக்கும் வரை ஷூக்களை நெருக்கி, பிறகு தடையில்லாமல் சுழலும் அளவுக்குச் சற்றே தளர்த்துங்கள். குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். நம் நாட்டு வண்டிகளில் அது பின் இடது சக்கரம். பழைய மாதிரிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். ஓரிடத்தில் கசிந்தாலும் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

வீல் சிலிண்டருக்குள் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது சிறிய ரப்பர் கப். அக்காலத்தில் அது இயற்கை ரப்பரால் ஆனது. எந்திர எண்ணெய் பட்டால் உப்பி வீணாகிவிடும். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊர் நம் கோலா கங்சார். நம் முன்னோர் சீவிய பால்தான் உலகத்து வண்டிகளின் டயராகவும் இத்தகைய கப்பாகவும் போனது. அவர்கள் பெயர் எந்த வண்டியிலும் பொறிக்கப்படவில்லை.

வில்க்ஸ் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1950-இல் ரோவர் உலகின் முதல் எரிவாயுச் சுழலிக் காரை ஓட்டிக் காட்டியது. கைநழுவிப் போன ஜெட் எந்திர அறிவு அவ்வாறு பயன்பட்டது. 1962-இல் நிறுவனத் தலைவரானார். மறு ஆண்டு செப்டம்பர் 8 அன்று, ஜீப் ஓட்டிய அதே ஆங்கிள்சி பண்ணையில், 59-ஆம் வயதில் காலமானார். லேண்ட்ரோவர் குடும்பத்தில் வட்டு பிரேக்கோடு 1970-இல் வந்த ரேஞ்ச்ரோவரை அவர் பார்க்கவில்லை.

மாணவர்களே, எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்கல்விக்குப் போவதைத் தோல்வியாக நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வரைபலகையில் வில்க்ஸும் அவருடைய பொறியாளர்களும் எவ்வளவு சிந்தித்திருந்தாலும், மலைச்சரிவில் இறங்கும் வண்டியில் ஒரு ஸ்பிரிங் தவறான துளையில் மாட்டியிருந்தால் அந்தச் சிந்தனை பயன்படாது. கடைசி நட்டை முடுக்குபவரின் கையில் வண்டியில் போகிறவர்களின் உயிர் இருக்கிறது. அந்தக் கைக்குப் படிப்பும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.