நன்னீர் வழங்கிய பெரியார் சேர் விசுவேசுவரையா

அணை கட்டிய பேரறிஞர் என்றே சேர் மோட்சகுண்டம் விசுவேசுவரையாவை உலகம் போற்றுகின்றது. குடிநீர்த் துறையிலும் கழிவகற்றும் துறையிலும் அவர் ஆற்றிய தொண்டை அறிந்தோர் சிலரே.

மைசூர் நாட்டு முத்தேனஹள்ளியில் 1861இல் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தே தம் கல்லூரிப் படிப்பை நடத்தினார். பூனாவிற் பொறியியல் பயின்று, 1884இல் பம்பாய் அரசின் சேவையிற் சேர்ந்தார். பின்னர் அவ்வரசின் சுகாதாரப் பொறியியலாளராகவும் கடமையாற்றினார்.

சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர்த் திட்டம் வகுக்கும் பொறுப்பு 1890களில் அவரிடம் வந்தது. ஆற்றுநீரோ சேறு கலந்தது. வடிகட்டுந் தொட்டிகள் அமைக்க நகரசபையிடம் போதிய பணமில்லை. விசுவேசுவரையா ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டினார். மணலினூடே ஊறிய நீர் தெளிந்து வந்தது. அதனை இயந்திரத்தாற் குன்றின்மேல் ஏற்றி, நகருக்கு வழங்கச் செய்தார். உடப்பு முதல் கற்பிட்டி வரை மணற்கிணற்று நீரை நம்பி வாழும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

ஆயினும், மணல் சேற்றைத் தடுக்குமேயன்றி, அருகிலுள்ள மலக்குழியின் அழுக்கை முற்றாகத் தடுக்காது. நன்னீர் கொணர்வது பாதி வேலை. கழிவை அகற்றுவது மறுபாதி. இதனை நன்குணர்ந்த அவர், 1906இல் ஏடன் துறைமுக நகருக்கு இவ்விரண்டையும் சேர்த்தே திட்டம் வகுத்தார். 1908இல் பெருவெள்ளத்தால் அழிந்த ஐதராபாத்துக்கு, நீர்த்தேக்கங்களோடு கழிவுநீர்க் கால்வாய்த் திட்டத்தையும் அளித்தார்.

1912 முதல் 1918 வரை மைசூர்த் திவானாக விளங்கிய அப்பெரியார், 1955இல் பாரத ரத்னா விருது பெற்று, நூறாண்டு கண்டு 1962இல் மறைந்தார்.

இளைஞர்களே! நம் ஊர்க் கிணறுகளுக்கும் மலக்குழிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து பார்ப்போம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.