மழைக்காட்டின் ஓவியர்

புழுக்களும் பூச்சிகளும் சேற்றிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று ஐரோப்பியர் பலர் நம்பிய காலம் அது. அக்காலத்தில், 1647ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 2ஆம் நாள், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் மரியா சிபில்லா மெரியன் பிறந்தார். அவருடைய தந்தையார் செப்புத்தகட்டில் படங்களைச் செதுக்குவதிலும் நூல்களை வெளியிடுவதிலும் புகழ்பெற்றவர். மரியாவுக்கு மூன்று வயதானபோது தந்தையார் காலமானார். தாயார், யாகோப் மாரெல் எனும் ஓவியரை மறுமணம் செய்துகொண்டார். மலர்களை வரைவதில் வல்லவரான மாரெல், மரியாவுக்கு ஓவியக்கலையைக் கற்றுக் கொடுத்தார்.

மலர்களை வரையப் பழகிய சிறுமியின் கண்கள், அம்மலர்களை நாடிவரும் பூச்சிகளின்மீதும் பதிந்தன. பதின்மூன்றாம் வயதில் அவர் பட்டுப்புழுக்களை வளர்க்கத் தொடங்கினார். முட்டையிலிருந்து புழு வெளிவருவதையும், அது கூட்டுப்புழுவாகிப் பின்னர்ச் சிறகு முளைத்து வெளியேறுவதையும் நாள்தோறும் கவனித்தார். பிறகு, பலவகைக் கம்பளிப்பூச்சிகளையும் திரட்டி வளர்த்தார். எந்தப் புழு எந்த இலையை உண்கிறது, அது எப்போது கூடு கட்டுகிறது என்பனவற்றைக் கண்டு குறித்துவைத்தார். பூச்சிகள் சேற்றில் தோன்றுபவை அல்ல என்பதை அவர் நூல்களைப் படித்து அறியவில்லை. தம் கண்களால் பார்த்தே தெளிந்தார்.

1665ஆம் ஆண்டு, யோஹான் கிராப் என்ற ஓவியரை மரியா மணந்தார். அவர்களுக்கு இரு பெண்பிள்ளைகள் பிறந்தனர். நூரம்பெர்க் நகரில் வாழ்ந்தபோது, இளம்பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்பித்துப் பொருளீட்டினார். கம்பளிப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூலின் முதற்பகுதி 1679ஆம் ஆண்டும், இரண்டாம் பகுதி 1683ஆம் ஆண்டும் வெளிவந்தன. அவற்றில் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி ஆகிய அனைத்தையும் அவை வாழும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் காட்டினார். ஓர் உயிரை அதன் வாழிடத்தோடு சேர்த்துக் காணும் பார்வை அன்று புதுமையானதாகும்.

பின்னர்க் கணவரைப் பிரிந்த மரியா, தாயாரோடும் பிள்ளைகளோடும் நெதர்லாந்தில் எளிய வாழ்வு வாழ்ந்த ஒரு சமயக் குழுவினரிடையே சில ஆண்டுகள் தங்கினார். அக்குழுவினர் சிலர், தென் அமெரிக்காவின் வடகரையில் டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த சுரினாம் நாட்டில் தோட்டம் அமைத்திருந்தனர். தாயார் இறந்தபின், 1691ஆம் ஆண்டு மரியா ஆம்ஸ்டர்டாம் நகரில் குடியேறினார். அங்குள்ள செல்வர்களின் இல்லங்களில் தொலைநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பூச்சிகள் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவை அழகாக இருந்தபோதிலும் உயிரற்றவை. அவை எங்ஙனம் பிறந்தன, எதை உண்டு வளர்ந்தன என்பதை அப்பெட்டிகள் கூறவில்லை. அதனை நேரில் காண மரியா முடிவெடுத்தார்.

பயணச் செலவுக்காகத் தம் ஓவியங்களுள் 255ஐ விற்றார். 1699ஆம் ஆண்டு, தமது 52ஆம் வயதில், இளைய மகள் டோரத்தியாவை அழைத்துக்கொண்டு சுரினாமுக்குக் கப்பலேறினார். ஆணின் துணையின்றிப் பெண்கள் இருவர் அறிவைத் தேடிக் கடல் கடப்பது அக்காலத்தில் மிக அரிது.

சுரினாம் அன்று கரும்புத் தோட்டங்களின் நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கு அடிமைகளாக வாட்டி வதைக்கப்பட்டனர். தோட்டங்களிலிருந்து தப்பியோர் மழைக்காட்டின் உட்பகுதியில் தனிச் சமூகமாக வாழத் தலைப்பட்டனர். அவர்களே மரூன்கள் எனப்பட்டனர். கரும்பைத் தவிர வேறெதையும் தேடாத தோட்ட முதலாளிகள், பூச்சிகளைத் தேடிவந்த மரியாவை ஏளனம் செய்தனர். அவரோ கடும் வெப்பத்தையும் பொருட்படுத்தாமல் காட்டுக்குள் சென்றார்.

காட்டில் அவருக்கு வழிகாட்டியவர்கள் பழங்குடியினரும் ஆப்பிரிக்க அடிமைகளுமே ஆவர். கோடரியால் புதரை வெட்டி வழியமைத்தவர்களும், புழுக்களையும் செடிகளையும் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அவர்களே. மரவள்ளிக் கிழங்கின் பச்சைச் சாறு நஞ்சு என்பதையும், பழங்குடியினர் அந்நஞ்சை நீக்கி ரொட்டி செய்வதையும் மரியா அறிந்து எழுதினார். நாம் அழகுக்காக வளர்க்கும் மயிற்கொன்றையையும் அவர் வரைந்தார். அச்செடியைப் பற்றி அடிமைப் பெண்கள் கூறிய செய்தி நெஞ்சை உருக்குவதாகும். தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாக வாழக்கூடாது என்பதற்காக, கருவுற்ற பெண்கள் அதன் விதைகளை உண்டு கருவைக் கலைத்தனர். இறந்தபின் சொந்த மண்ணில் விடுதலை பெற்றவர்களாக மீண்டும் பிறப்போம் என்று அவர்கள் நம்பினர். முதலாளிகள் மறைக்க விரும்பிய இத்துயரத்தை மரியா தம் நூலில் பதிவு செய்தார்.

காட்டின் வெம்மை மரியாவின் உடல்நலத்தைக் கெடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1701ஆம் ஆண்டு அவர் ஆம்ஸ்டர்டாம் திரும்பினார். 1705ஆம் ஆண்டு, சுரினாம் பூச்சிகளின் உருமாற்றத்தை விளக்கும் அவருடைய பெருநூல் 60 படங்களோடு வெளிவந்தது. அன்னாசியின்மீது ஊரும் கரப்பான்பூச்சிகள், ஓரிரவில் மரத்தின் இலைகளை வெட்டிச் செல்லும் எறும்புகள், முதுகுத்தோலில் முட்டைகளைச் சுமக்கும் தேரை எனக் காட்டின் வாழ்க்கையே அந்நூலில் விரிந்தது.

பெரிய சிலந்தியொன்று சிறு பறவையை உண்பதாக அவர் வரைந்த படத்தைப் பிற்காலத்தார் சிலர் கற்பனை என்று இகழ்ந்தனர். ஆனால், 19ஆம் நூற்றாண்டில் அமேசான் காட்டை ஆராய்ந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், சிலந்தி பறவையைக் கொன்றதை நேரில் கண்டு எழுதினார். மரியாவின் குறிப்புகள் அனைத்தும் சரியானவை அல்ல. ஒருவகைப் பூச்சியின் தலை இரவில் ஒளிரும் என்று அவர் எழுதியது தவறாகும். எனினும், உயிரினங்களுக்குப் பெயர் சூட்டி வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் அவருடைய படங்களைத் தம் ஆய்வுக்குச் சான்றாகக் கொண்டார்.

1717ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், தமது 69ஆம் வயதில் மரியா மறைந்தார். அவருடைய ஓவியங்கள் பலவற்றை ரஷ்யப் பேரரசர் பீட்டர் வாங்கினார். பிற்காலத்தில் ஜெர்மனியின் 500 மார்க் பணத்தாளில் அவருடைய உருவம் இடம்பெற்றது.

மரியாவும் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தியவரே. ஆயினும், அம்மக்களிடம் அறிவு இருப்பதை அவர் உணர்ந்தார். அவர்களிடம் கேட்டறிந்ததை மறைக்காமல் எழுதினார். ஆனால், அவர்களின் பெயர்களை அவர் எழுதவில்லை. மரியாவின் ஓவியங்களைப் போற்றும் நாம், அவருக்கு வழியமைத்துக் கொடுத்த அம்மக்களையும் நன்றியுடன் நினைவுகூர்தல் வேண்டும்.